வயல் சேற்றுக்குள் போகும் மருந்து: பங்கசுநாசினி பற்றிய கேள்வி பதில்

மலையகத்தில் நெல்லும் மரக்கறியும் செய்கிறவர்கள், பங்கசுநாசினி, அதாவது பூஞ்சண நோய்க்கு அடிக்கும் மருந்து, வயல் மண்ணுக்குள் போன பிறகு என்ன ஆகிறது என்று கேட்டு எழுதியவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன். மண் இரசாயனம் என் படிப்பு. மண்ணிலிருந்து பீடைநாசினி எச்சங்களைப் பிரித்து அளப்பது என் தொழில். வர்த்தகப் பெயர்களைச் சொல்லப் போவதில்லை. போத்தலின் லேபலில் சிறிய எழுத்தில் இருக்கும் மூலப்பொருளின் பெயரைத்தான் சொல்வேன். கடையில் அந்தப் பெயரைப் பார்த்து வாங்கப் பழகிவிட்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

கேள்வி (ஹங்குராங்கெத்த): அக்கா, நெல்லின் எரிபந்த நோய்க்கு மருந்து அடித்த பிறகு வயலில் தண்ணீர் நிற்கிறது. அந்தத் தண்ணீரிலேயே மருந்து கரைந்து அழிந்துவிடும் என்று கடைக்காரர் சொல்கிறார். நம்பலாமா?

பதில்: நம்ப வேண்டாம், தம்பி. தண்ணீரில் மருந்தின் அளவு சில நாட்களிலேயே வேகமாக இறங்கும் என்பது உண்மை. ஆனால் இறங்கியதெல்லாம் அழிந்துவிடவில்லை. ஒரு பங்கை வெயில் உடைக்கிறது. ஒரு பங்கு தண்ணீரோடு சேர்ந்து பகுபடுகிறது. ஒரு பங்கு வாய்மடை வழியாகக் கீழ் வயலுக்கு இறங்குகிறது. மிச்சம் சேற்றில் போய் ஒட்டிக்கொள்கிறது. அந்த மிச்சத்தின் கதைதான் நீளமானது.

தண்ணீர் கட்டி ஓரிரு நாளில் மண்ணுக்குள் இருக்கும் ஒட்சிசன் தீர்ந்துவிடும். அதன்பிறகு மண்ணின் நுண்ணங்கிகள் சுவாசிப்பதற்கு முதலில் நைத்திரேற்றையும், அடுத்து மங்கனீசையும் இரும்பையும், பிறகு சல்பேற்றையும் பிடித்துக்கொள்கின்றன. கடைசியில் மெதேன் வாயு கிளம்புகிறது. நாற்று நட்டுச் சில வாரங்கள் ஆன வயலில் மண்வெட்டியால் ஒரு கட்டிச் சேற்றைக் குலையாமல் வெட்டி எடுத்துப் பாருங்கள். மேலே சில மில்லிமீற்றர் மட்டும் தவிட்டு நிறமாக இருக்கும். அதற்குக் கீழே முழுவதும் நீலம் கலந்த சாம்பல் நிறம். நெல்லின் வேர் ஓடும் இடத்தில் மட்டும் வேரைச் சுற்றித் துருநிறத்தில் மெல்லிய உறை இருக்கும். இலை வழியாக இறங்கும் ஒட்சிசன் வேரிலிருந்து கசிந்து இரும்பைத் துருவாக்குவதால் வருவது அது. ஆக ஒரே கட்டிச் சேற்றில் காற்றுள்ள மண்ணும் காற்றில்லாத மண்ணும் ஒட்டி ஒட்டி இருக்கின்றன. மருந்து இந்த இரண்டில் எங்கே போய்ச் சேருகிறது என்பதைப் பொறுத்து அதன் ஆயுள் மாறும்.

கேள்வி (பேராதனை, விவசாயபீட மாணவி): அப்படியானால் எந்தப் பங்கசுநாசினி வெள்ள மண்ணில் சீக்கிரம் உடையும், எது தாமதமாகும்?

பதில்: காற்றில்லாத மண் எல்லாவற்றையும் மெதுவாக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். அது தவறு. குளோரீனோ நைத்திரோக் கூட்டமோ நிறைய ஏறியிருக்கும் மூலக்கூறுகள் காற்றில்லாத சேற்றில்தான் விரைவாக மாறுகின்றன, ஏனென்றால் அங்கே நடப்பது தாழ்த்தல் தாக்கம், அதாவது மூலக்கூறு இலத்திரனைப் பெறும் தாக்கம். குவின்டோசீன் என்ற பழைய பங்கசுநாசினி இதற்கு நல்ல உதாரணம். வெள்ள மண்ணில் அதன் நைத்திரோக் கூட்டம் மிக வேகமாக அமீன் கூட்டமாகிவிடும். ஆனால் அப்படிப் பிறக்கும் பென்டாகுளோரோஅனிலின் லேசில் போகாது. குளோரோதலோனிலும் வயலில் விரைவாக மறைகிறது. அதிலிருந்து வரும் ஹைதரொக்சி வடிவம் தாய் மருந்தைவிட நீண்ட காலம் மண்ணில் தங்கும். தாய் மருந்தை மட்டும் அளந்துவிட்டு ‘போய்விட்டது’ என்று எழுதும் அறிக்கைகளைப் படிக்கும்போது இதை மறக்காதீர்கள்.

கார்பென்டசிம் நேர்மாறு. அதன் வளையத்தைப் பிரிக்க ஒட்சிசன் வேண்டும். காற்றுள்ள தண்ணீரில் அரைவாழ்வுக்காலம், அதாவது பாதி அழிய எடுக்கும் காலம், சுமார் 2 மாதம், காற்றில்லாத தண்ணீரில் சுமார் 25 மாதம் என்று உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு சொல்கிறது. பன்னிரண்டு மடங்குக்கும் மேல்! தயோபனேட் மெதைல் வாங்குகிறவர்களும் இதைக் கவனிக்க வேண்டும், ஏனென்றால் அது சில நாட்களில் கார்பென்டசிமாகவே மாறிவிடுகிறது. பெயர் வேறு, மண்ணில் சேருவது ஒன்றுதான்.

எரிபந்தத்துக்குப் பல நாடுகளில் பயன்படும் ட்ரைசைக்ளசோல் இரண்டு நிலையிலும் பிடிவாதக்காரன். டெபுகொனசோல், ஹெக்சகொனசோல் போன்ற ட்ரையசோல்களும் நின்று நீடிப்பவை. மண்ணில் மக்கிக் கிடக்கும் சேதனப் பொருளோடு நன்றாக ஒட்டும். அசொக்சிஸ்ட்ரோபினின் எஸ்டர் பகுதி மட்டும் எளிதில் பகுபட்டு அமில வடிவமாகிறது. அந்த அமிலம் எதிரேற்றம் கொண்டது, களிமண் அதைப் பிடிப்பதில்லை, தண்ணீரோடு ஓடும். டென்மார்க்கில் நிலத்தடி நீரில் கண்டிருக்கிறார்கள். நெல்லின் இலைமடல் வெளிறல் நோய்க்கு அடிக்கும் வலிடமைசின் மட்டும் வேறு வகை. நுண்ணங்கிகள் தயாரிக்கும் சர்க்கரை போன்ற பொருள் அது, மற்ற நுண்ணங்கிகள் அதை விரைவாகவே தின்றுவிடும்.

கேள்வி (மாத்தளை): அரைவாழ்வுக்காலம் 6 மாதம் என்றால் ஒரு வருடத்தில் மண் சுத்தமாகிவிடும்தானே?

பதில்: இல்லை. 6 மாதத்தில் பாதி, 12 மாதத்தில் கால் பங்கு மிச்சம். நீங்கள் பெரும்போகத்திலும் சிறுபோகத்திலும் ஒவ்வொரு தடவை அடித்தால், அடுத்த தடவை அடிக்கும்போது முந்தியதில் பாதி இருக்கும். 1, பிறகு 1.5, பிறகு 1.75 என்று ஏறி, அடித்த உடனே அளந்தால் 2 பங்குக்குக் கிட்டப் போய் நிற்கும். அதே மருந்தில் முக்கால் பங்கு மிஞ்சுகிற மண்ணாக இருந்தால் 4 பங்கு வரை ஏறும். ஒவ்வொரு போகமும் ஒரே மருந்தைப் பிடித்துக்கொண்டு இருக்காதீர்கள் என்று நான் சொல்வதற்கு இந்தக் கணக்குத்தான் காரணம். நோய்க்கிருமி மருந்துக்குப் பழகிவிடுவது இன்னொரு காரணம்.

கேள்வி (வெலிமடை): சிறுபோகத்தில் அதே வயலில் உருளைக்கிழங்கு போடுகிறோம். பிந்திய வெளிறல் நோய்க்கு மழை விடாத வருடத்தில் மான்கோசெப் திரும்பத் திரும்ப அடிக்க வேண்டியிருக்கிறது. கிழங்கு எடுத்தவுடன் தண்ணீர் கட்டி நெல் போடுகிறோம். அந்த மருந்து நெல்லில் ஏறுமா, மேடம்?

பதில்: ஊவாவில் பலருக்கும் பொருந்தும் கேள்வி இது, அதனால் விரிவாகவே சொல்கிறேன். மான்கோசெப் தண்ணீர் பட்டால் ஓரிரு நாளில் சிதைந்துவிடும். சிதைந்து வருவதில் முக்கியமானது எதிலீன் தயோயூரியா. தாய் மருந்து தண்ணீரில் கரையவே கரையாது. இதுவோ நன்றாகக் கரைந்து மண்ணோடு ஒட்டாமல் ஓடுகிறது. தைரொயிட் சுரப்பியைப் பாதிக்கக் கூடியது, எலிகளில் கட்டிகளை உண்டாக்கியது. ஐரோப்பிய ஒன்றியம் 2020ஆம் ஆண்டில் மான்கோசெப்பின் அனுமதியைப் புதுப்பிக்க மறுத்த காரணங்களில் சுரப்பிகளின் வேலையை அது குழப்புவதும் ஒன்று.

காற்றுள்ள மண்ணில் எதிலீன் தயோயூரியாவை நுண்ணங்கிகள் சில நாள் முதல் சில வாரத்துக்குள் உடைத்துவிடுகின்றன. காற்றில்லாத சேற்றில் அது கூடுதல் காலம் நிற்கும். ஆகவே உங்கள் கையில் இருக்கும் மிகப் பெரிய ஆயுதம் கிழங்கு எடுத்ததற்கும் தண்ணீர் கட்டுவதற்கும் நடுவில் உள்ள இடைவெளிதான். பாத்தியை உடைத்து, மண்ணைப் புரட்டி, காற்றுப் பட ஈரப்பதத்தோடு இரண்டு மூன்று வாரம் விட முடிந்தால் விடுங்கள். முழுக்கக் காய்ந்த மண்ணில் நுண்ணங்கி வேலை செய்யாது; லேசான ஈரம் வேண்டும். கார்பென்டசிம் அடித்த நிலத்துக்கும் இந்த இடைவெளி உதவும், ஆனால் அது முடிந்துபோக மாதக்கணக்கு ஆகும் என்பதால் கொஞ்சம்தான் உதவும்.

நெல்லில் ஏறுவதைப் பற்றி: கிழங்குக்கு அடித்த மான்கோசெப் நெல்மணிக்குள் வரும் என்பது என் கவலை அல்ல. அது கீழே இருக்கிற ஊற்றுக்குப் போவதுதான் கவலை. அடுத்த கேள்வி அதைத்தான் கேட்கிறது.

கேள்வி (ஊவா பரணகம பக்கம், தோட்டத்திலிருந்து ஓர் அம்மா): எங்கள் லயத்துப் பீலிக்கு, நாங்கள் குடிக்க எடுக்கும் ஊற்றுத் தண்ணீருக்கு, மேலே கிழங்குத் தோட்டமும் வயலும் இருக்கிறது. தண்ணீரைக் கொதிக்க வைத்துத்தான் பிள்ளைகளுக்குக் கொடுக்கிறேன். மருந்து போய்விடும்தானே, மகள்?

பதில்: அம்மா, கொதிக்க வைப்பதை விடாதீர்கள், கிருமி சாகும். ஆனால் இந்த மருந்து போகாது. எதிலீன் தயோயூரியா கொதித்தாலும் தண்ணீரிலேயே இருக்கும். மான்கோசெப் மிச்சம் இருக்கும் மரக்கறியை அப்படியே சமைத்தால் சூட்டில் அதுவே எதிலீன் தயோயூரியாவாக மாறும். அதனால் இலைக்கறிகளையும் போஞ்சியையும் நறுக்குவதற்கு முன்பே ஓடும் தண்ணீரில் நன்றாகத் தேய்த்துக் கழுவுங்கள். தண்ணீருக்கான வழி வீட்டு அடுப்பில் இல்லை, மேலே இருக்கும் தோட்டத்தில்தான் இருக்கிறது. பீலிக்கு நேர் மேலே மருந்து கலக்காமல், தெளிகருவி கழுவாமல் இருக்க வேண்டும். பீலிக்கும் பாத்திக்கும் நடுவில் புல் வரிசை ஒன்றாவது இருக்க வேண்டும். இதை நீங்கள் ஒருவராகப் போய்க் கேட்டால் எடுபடாது. தோட்டத்து மாதர் சங்கமாகச் சேர்ந்து, பொதுச் சுகாதாரப் பரிசோதகரையும் விவசாயப் போதனாசிரியரையும் ஒரே நாளில் அந்த இடத்துக்கு வரவழைத்துக் காட்டுங்கள். பிள்ளைகள் குடிக்கும் தண்ணீருக்காக இதைக் கேட்பது உங்கள் உரிமை.

கேள்வி (பண்டாரவளை): மருந்து மண்ணோடு ‘பிணைந்துவிட்டது’ என்றால் ஆபத்தில்லை என்று எடுத்துக்கொள்ளலாமா?

பதில்: நாங்கள் எப்படி அளக்கிறோம் என்று முதலில் சொல்கிறேன். மண்ணில் மெதனோலோ அசற்றோநைத்திரைலோ விட்டுக் குலுக்கி, சுழற்றி, மேலே தெளிகிற திரவத்தை எடுத்துக் கருவிக்குள் செலுத்துகிறோம். கருவி காட்டுவது அந்தத் தெளிவில் இருப்பதை மட்டுமே. மண்ணை விட்டு வராதது எதுவோ அதுதான் பிணைந்த எச்சம். அதைப் பார்க்க வேண்டுமென்றால் கதிர்வீசும் கரிமம் 14 பொருத்திய மருந்தை மண்ணில் கலந்து, கரைப்பானால் கழுவிய மண்ணை எரித்து, வெளிவரும் வாயுவை அளக்க வேண்டும். வழக்கமான பரிசோதனையில் அதை எவரும் செய்வதில்லை. ‘90 நாளில் பெரும்பகுதி இல்லாமல் போனது’ என்று ஓர் அறிக்கை சொன்னால், கரைப்பானுக்கு அகப்படவில்லை என்றுதான் பொருள்.

அகப்படாததில் மூன்று வகை உண்டு. மருந்தை நுண்ணங்கி தின்று, அதன் கரிமத்தைத் தன் உடம்பாக்கிக்கொண்டது ஒரு வகை. அது மருந்தே அல்ல, பயப்பட ஒன்றுமில்லை. மருந்தோ அதன் துண்டோ மண்ணின் சேதனப் பொருளோடு இரசாயனப் பிணைப்பால் கூடிவிட்டது இன்னொரு வகை. அமீன் கூட்டம் உள்ள துண்டுகள் இப்படிக் கூடுவதில் கெட்டிக்காரர்கள். பெரும்பாலும் அது அங்கேயே கிடக்கும். மூன்றாவது வகை, மூலக்கூறு உருமாறாமல் மண் துணிக்கையின் நுண்துளைகளுக்குள் போய்ச் சிக்கிக்கொண்டது. எனக்குக் கவலை தருவது இது. வயலைக் காயவிட்டு மறுபடி தண்ணீர் கட்டும்போதும், உழும்போதும், புதிதாக எருப் போடும்போதும் அதில் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வரும்.

நமது மலைநாட்டு மண்ணுக்கு இன்னொரு குணம் உண்டு. சிவப்பு மஞ்சள் மண், அமிலத்தன்மை உள்ளது, இரும்பொட்சைட்டு நிறைந்தது. அமில மண்ணில் கார்பென்டசிம் ஓரளவு நேரேற்றம் பெற்றுக் களிமண்ணோடு நன்றாக ஒட்டும். தண்ணீர் கட்டினால் அமில மண்ணின் பி.எச். பெறுமானம் (அமிலத்தன்மையின் அளவுகோல், 7 நடுநிலை) 6.5க்கும் 7க்கும் பக்கமாக ஏறுகிறது, அந்தப் பிடி தளர்கிறது. அதே நேரத்தில் இரும்பொட்சைட்டும் கரைந்து, தன்மேல் ஒட்டியிருந்தவற்றைக் கைவிடுகிறது. பிறகு வயலை வடியவிட்டால் இரும்பு மறுபடி துருவாகி, வேறு எதையாவது பிடித்துக்கொள்கிறது. ஒவ்வொரு போகமும் வயல் ஒரு தடவை மூச்சை அடக்கி ஒரு தடவை விடுகிறது. அதற்கேற்ப ஒட்டியதும் விட்டதும் மாறிக்கொண்டே இருக்கும். எனவே பிணைந்தது என்றால் இப்போதைக்கு ஆபத்துக் குறைவு, அவ்வளவுதான்.

கேள்வி (கொத்மலை): தேயிலை மலைக்குக் கீழேதான் எங்கள் வயல். தேயிலைக்குச் செம்பு மருந்து அடிக்கிறார்கள். அது எங்களுக்கு வருமா?

பதில்: வரும். மழையில் கரைந்து வருவதைவிட, அரித்து வரும் மண்ணோடு ஒட்டிக்கொண்டு வருவதே அதிகம். கொப்புள நோய் 1946இல் இலங்கைத் தேயிலைக்கு வந்தது. அதிலிருந்து பருவமழைக் காலங்களில் கொழுந்தைக் காக்கச் செம்புச் சேர்வைகள் அடிக்கப்படுகின்றன. செம்பு ஒரு மூலகம். வெயிலோ தண்ணீரோ நுண்ணங்கியோ அதை உடைக்க முடியாது. இடம்தான் மாறும், வடிவம்தான் மாறும். வெள்ள வயலில் சேதனப் பொருளும் சல்பைட்டும் அதை இறுக்கிப் பிடிப்பதால் நெல்லுக்குப் பெரும்பாலும் தொந்தரவு தெரியாது. வயலை வடியவிட்டு மரக்கறி போடும்போது சல்பைட்டு ஒட்சியேறிச் செம்பில் ஒரு பகுதி விடுபடும். சுண்ணாம்பு இட்டு அமிலத்தைக் குறைத்தால் அது அடங்கும். மேல் மண் உங்கள் வயலுக்கு வராமல் தடுக்கும் கல்வரம்பும் வடிகானும்தான் உண்மையான மருந்து.

கேள்வி (வலப்பனை, வயதான விவசாயி): மகள், முன்பெல்லாம் ஏர் பூட்டினால் மண்புழு நெளியும். இப்போது தேடினாலும் கிடைப்பதில்லை. இந்த மருந்துகள்தான் காரணமா?

பதில்: ஐயா, உங்கள் கண் சொல்வதை நான் மதிக்கிறேன். கார்பென்டசிமும் செம்பும் மண்புழுவுக்கு ஆகாது என்பது நன்றாக நிறுவப்பட்டது. உங்கள் வயலில் மருந்து மட்டும்தான் காரணம் என்று இங்கிருந்து சொல்ல முடியாது. எருவும் வைக்கோலும் மண்ணுக்குப் போகாமல் நின்றதும் புழுவைக் குறைக்கும். இரண்டையும் ஒன்றாகச் சரிசெய்யலாம். வைக்கோலை எரிக்காமல் வயலிலேயே போடுங்கள், வேலியோரத்துக் காட்டுச் சூரியகாந்தியையும் கிளிரிசீடியாவையும் வெட்டிப் புதையுங்கள். சேதனப் பொருள் கூடினால் மருந்தைப் பிடித்துவைக்கவும் ஆள் உண்டு, உடைக்கவும் ஆள் உண்டு. நாற்று நடுவதற்குச் சில வாரம் முன்பே புதைத்துவிடுங்கள், பச்சையாக அழுகும் சேறு வேருக்கு ஆகாது.

கேள்வி (ஹாலிஎல): மருந்து அடித்த பிறகு வயல் தண்ணீர் மேலே எண்ணெய் மாதிரி வானவில் நிறப் படலம் வருகிறது. மருந்தா?

பதில்: ஒரு குச்சியால் தொட்டுப் பாருங்கள். கண்ணாடிச் சில்லு போலத் துண்டு துண்டாக உடைந்தால் அது இரும்புப் படலம். உடைந்தவுடன் மறுபடி வழுக்கிக் கூடிவிட்டால் எண்ணெய். பெரும்பாலும் முதலாவதுதான். அழுகிய முட்டை நாற்றமும் சேற்றின் சல்பைட்டுத்தான், மருந்தல்ல.

கேள்வி (வலப்பனை): மருந்து மண்ணில் சிதைய இவ்வளவு நாள் என்று சொல்லும் காலக்கணக்கு நம் குளிருக்கும் பொருந்துமா?

பதில்: மண்ணில் சிதையும் காலத்தை ஆய்வுகூடத்தில் வழக்கமாக 20 அல்லது 25 பாகை செல்சியசில் அளக்கிறார்கள். 10 பாகை குறைந்தால் வேகம் பாதியாகும், அதற்கும் கீழே போகலாம். நுவரெலியாவின் சராசரி வெப்பநிலை 16 பாகை அளவுதான். அநுராதபுரத்து வயலில் போகும் வேகத்தை நம் பள்ளத்தாக்கில் எதிர்பார்க்காதீர்கள்.

கேள்வி (பசறை): மருந்தைத் தின்னும் நுண்ணங்கி என்று போத்தலில் விற்கிறார்கள். வாங்கலாமா?

பதில்: வெள்ள மண்ணில், நம் குளிரில், நீங்கள் அடிக்கும் அதே மூலப்பொருளுக்குப் பரிசோதித்த முடிவைக் கேளுங்கள். காட்டினால் யோசிக்கலாம். காட்டாவிட்டால் அந்தக் காசுக்கு எரு வாங்குங்கள்.

கேள்வி (கண்டி): ட்ரைசைக்ளசோல் அடித்த நெல்லைச் சாப்பிடலாமா? ஐரோப்பாவில் தடை என்கிறார்களே.

பதில்: அங்கே அதற்கு அனுமதி இல்லை. 2017இல் அரிசியில் இருக்கக்கூடிய அளவையும் கிலோவுக்கு 0.01 மில்லிகிராமாகக் குறைத்தார்கள். இந்தியாவின் பாசுமதி ஏற்றுமதி இதனால் சிரமப்பட்டது. மணியில் எச்சம் வருவதற்கு முக்கியக் காரணம் கதிர் வந்த பிறகு தாமதமாக அடிப்பது. லேபலில் உள்ள அறுவடைக்கு முந்திய இடைவெளியை ஒரு நாளும் குறைக்காதீர்கள். அதோடு, இந்த மருந்து பங்கசு இலையைத் துளைக்கத் தேவைப்படும் கரும்பொருளை அது தயாரிக்க விடாமல் தடுக்கிறது. துளைத்து உள்ளே போன பிறகு அடித்துப் பெரிய பயன் இல்லை. எரிபந்தம் குளிர்ந்த இரவும் நீண்ட பனியும் அளவுக்கு மீறிய யூரியாவும் சேர்ந்தால் ஏறும். யூரியாவைப் பிரித்துப் பிரித்து இடுவதும், எதிர்ப்புள்ள இனத்தைத் தேர்ந்தெடுப்பதும் ஒரு தெளிப்பையாவது மிச்சப்படுத்தும்.

கேள்வி (ஹங்குராங்கெத்த): அடித்த பிறகு தண்ணீரை எத்தனை நாள் கட்டி வைக்க வேண்டும்? எங்கள் வயல் படிப்படியாகக் கீழே இறங்குகிறது.

பதில்: ஜப்பானில் வயலுக்கு மருந்து இட்டால் 7 நாள் தண்ணீரை வெளியே விடாதீர்கள் என்று அறிவுறுத்துகிறார்கள். தண்ணீரில் இருப்பது வெயிலுக்கும் சேற்றுக்கும் போய்ச் சேர அந்த நாட்கள் வேண்டும். படிவயலில் இதைச் செய்ய மூன்று காரியம் பாருங்கள். அடிப்பதற்கு முன்பே நண்டு வளைகளையும் வரம்பின் ஓட்டைகளையும் சேறு வைத்து அடையுங்கள். அடிக்கும்போது தண்ணீர் குறைவாக நிற்கட்டும். மழை வந்தால் வரம்பு வழியாமல் ஏறுவதற்கு இடம் வேண்டும். மேல் வயல்காரரும் நீங்களும் பேசிக்கொண்டு ஒரே நாளில் அடியுங்கள், அவர் திறந்துவிடும் தண்ணீர் உங்கள் வாய்மடைக்கு வராமல் இருக்க அது ஒன்றுதான் வழி. மாலை மழைக்கு வானம் கறுத்திருந்தால் அன்று தெளிகருவியைத் தூக்க வேண்டாம். போத்தலை மூன்று தடவை அலசி, அந்தத் தண்ணீரைத் தெளிகருவிக்குள்ளேயே ஊற்றி வயலுக்கே அடித்துவிடுங்கள், வாய்க்காலில் கழுவாதீர்கள். அந்த வாய்க்காலில் பிள்ளைகள் மீன் பிடிக்கிறார்கள் என்றும் கேட்டிருந்தீர்கள். குளோரோதலோனிலும் அசொக்சிஸ்ட்ரோபின் போன்ற ஸ்ட்ரோபிலூரின் வகைகளும் மீனுக்கு மிகவும் நஞ்சு. அடித்த வாரத்தில் செத்து மிதக்கும் மீனைப் பிள்ளைகள் எடுக்க விடாதீர்கள், எங்கே எப்போது மிதந்தது என்று குறித்துப் போதனாசிரியரிடம் சொல்லுங்கள்.